ஜன்னலை மூடியவன்

விரிப்பின் இரண்டு முனைகளை ஸ்டெல்லானும் மற்ற இரண்டு முனைகளை மரீத்தாவும் பிடித்து, எதிரெதிரே நின்று இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கோத்தன்பர்க் விஷயத்தைச் சொன்னாள். குடியிருப்பின் அடித்தளத்துச் சலவை அறை அது. சனிக்கிழமை காலை அவர்களுடைய முறை. இரண்டு வீட்டுத் துணியும் ஒரே முறையில் முடிந்துவிடும் என்பதால் பல வருடங்களாகச் சேர்த்தே துவைக்கிறார்கள். அவனுடைய விரிப்புகள் சாம்பல் நிறம், அவளுடையவை நீலக் கோடு போட்டவை. இயந்திரத்துக்குள் எல்லாம் ஒன்றாகச் சுழலும், உலர்ந்ததும் தனித்தனிக் கூடைகளுக்குப் போய்விடும். விரிப்பை இழுத்து, உதறி, மறுபடி இழுத்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது அவள் விரல்கள் அவன் விரல்கள்மேல் படும். சோப்பு வாசனையும் வெப்பமும் கலந்த அந்தத் தொடுதலுக்காகவே ஸ்டெல்லான் தன் விரிப்புகளைத் தேவைக்கு அதிகமாகத் துவைத்துக்கொண்டிருந்தான். அதை அவன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"தோவே வீட்டுக்கு நேர் கீழ ஒரு வீடு காலியாகுது" என்றாள் மரீத்தா. தோவே அவளுடைய மகள், தொலைவில் கோத்தன்பர்க் நகரத்தில் இருப்பவள். "ரெண்டு ரூம். பால்கனி இருக்கு. எனக்காக நிறுத்தி வெச்சிருக்காங்களாம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

ஸ்டெல்லான் விரிப்பை இழுத்தான். அவளும் இழுத்தாள்.

"நல்ல விஷயம்தானே" என்றான்.

"நல்ல விஷயம்தான்."

"நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம், மரீத்தா. என்னை நெனச்சு எதையும் மாத்தாத."

அவள் நடந்து வந்து தன் முனைகளை அவன் கையில் வைத்தாள். "நீ மாத்தச் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுக்கத் திரும்பினாள்.

தன் வீட்டுக்கு ஏறி வந்து கூடையைக் கட்டிலில் கவிழ்த்தபோது ஸ்டெல்லானுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குரல் நடுங்கவில்லை. பிடித்து இழுக்கவில்லை. அவன் வளர்ந்த ஊரில் ஒருவருக்கு ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை இதுதான்: எதிராளியின் முடிவுக்குள் மூக்கை நுழைக்காமல் இருப்பது. அவன் அப்பா சாகும் தறுவாயில்கூட ஜன்னலோரக் கட்டில் வேண்டுமென்று நர்ஸிடம் கேட்கவில்லை, யாருக்காவது தொந்தரவாகிவிடுமோ என்று. அந்த அப்பாவின் மகன்தான் இவன். சாம்பல் விரிப்பு ஒவ்வொன்றாக அலமாரிக்குப் போனது. கடைசியில் ஒரு நீலக் கோடு போட்ட தலையணை உறை தவறிப்போய் அவன் கூடையில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஒரே படிக்கட்டில் அவன் முதல் தளம், அவள் மூன்றாம் தளம். இருவரும் இணைதான், ஆனால் ஒரே வீட்டில் வாழ்வதில்லை. அந்த ஏற்பாட்டுக்கென்றே அவர்கள் நாட்டில் ஒரு சொல் இருக்கிறது. யாரும் புருவம் உயர்த்துவதில்லை. இருவருக்கும் முன்பு ஒவ்வொரு கல்யாணம் ஆகி முறிந்திருந்தது. பழக ஆரம்பித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பேசி, காரணங்களை வரிசையாக எடுத்து வைத்து, தனித்தனியாக இருப்பதுதான் சரி என்று முடிவு செய்தார்கள். காரணங்களில் கனமானது அவனுடைய வேலை. நகரத்து வீடுகளுக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் நிலையத்தில் இரவுக் காவல். எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வந்து திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறவன். அவளோ பல் மருத்துவமனையில் உதவியாளர், விடியும் முன்பே எழுகிறவள். ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் தூக்கத்தை மற்றவர் கெடுப்பார்கள். இதற்கு மறுப்பு என்ன இருக்க முடியும்? இருவரும் கை குலுக்கிச் சிரித்துக்கொண்டார்கள். புத்திசாலிகள் என்று நண்பர்கள் பாராட்டினார்கள்.

இளவயதில் ஸ்டெல்லான் ஊமெயோ பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படிக்கப் போனவன். பாதியில் விட்டுவிட்டான். ஏன் விட்டான் என்பதற்கு அவன் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் சொல்வான். உண்மை என்னவென்றால், அங்கே மற்றவர்கள் அவனைவிட வேகமாக இருந்தார்கள், அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. ஆனால் படித்த கொஞ்சத்தை அவன் விடவில்லை. சான்று எவ்வளவோ அவ்வளவுதான் நம்பிக்கை என்ற ஒரு வாக்கியத்தை அங்கிருந்து எடுத்து வந்து வாழ்க்கை முழுக்க வைத்திருந்தான். வால்வு மானிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது பொருத்தமான வாக்கியமும்கூட.

ஜனவரியில் நிலையத்தின் மேலாளர் அவனைக் கூப்பிட்டு, மே மாதத்திலிருந்து இரவுக் காவலே இருக்காது, எல்லாம் வேறொரு ஊரிலிருந்து கணினி பார்த்துக்கொள்ளும், உனக்குப் பகல் வேலை என்று சொன்னார். நடந்தே வீடு திரும்பிய அந்தக் காலையில் ஸ்டெல்லானுக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. பனியில் ஒரு இடத்தில் நின்று சத்தமாகச் சிரித்தான். கனமான காரணம் கழன்றுவிட்டது. இனி மற்றவை எல்லாம் தூசு. ஆனால் மூன்றாம் தளத்துக்கு ஏறிப் போய் அதைச் சொல்ல அவனால் முடியவில்லை. சொன்னால் அது செய்தியாக இருக்காது, கேள்வியாகிவிடும். 'இனி நாம் சேர்ந்து இருக்கலாமா' என்று கேட்பதாகிவிடும். அவளுக்கு விருப்பமில்லை என்றால் வாய்விட்டு இல்லை என்று சொல்ல வைத்ததாகிவிடும். அந்தச் சங்கடத்தை அவளுக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே முதலில் சான்று தேடலாம் என்று முடிவு செய்தான். அவளுக்கு விருப்பம் இருக்கிறது என்பதற்கான அறிகுறி தெரிந்ததும் சொல்லிவிடலாம்.

ஜனவரி போய் பிப்ரவரி வந்தது. அவள் வழக்கம்போலத்தான் இருந்தாள். அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டாள், பட்டாணி சூப்பில் கடுகு அதிகம் போட்டதற்குத் திட்டினாள், தொலைக்காட்சியில் வந்த துப்பறியும் தொடரில் கொலைகாரனை அவனுக்கு முன்பே கண்டுபிடித்தாள், பத்து மணிக்கு எழுந்து மேலே போனாள். அவள் போன பிறகு அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். இடையில் ஒரு தளம் இருக்கிறது. அங்கே காது மந்தமான ஒரு மனிதர் செய்தியைச் சத்தமாக வைத்துக் கேட்பார். அவள் காலடிச் சத்தம் அதைத் தாண்டிக் கீழே வராது. வந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவள் இருமுவது, டம்ளரைக் கழுவி வைப்பது, சன்னமாகக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் தேடுவது, இவை ஒரு சுவருக்கு அப்பால் கேட்டால் போதும்.

அந்தப் பருவத்தில்தான் வாசிப்பு வட்டத்துக்கு மரீத்தா அந்த நாவலைப் பரிந்துரைத்தாள்.

நூலகத்தின் பின் அறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கூடும் வட்டம். அந்தச் செவ்வாய்களில் வேலை இல்லாதபடி தன் இரவுகளை மாற்றி வாங்கிக்கொள்வான் ஸ்டெல்லான். ஆரம்பத்தில் ஒரு டஜன் பேர் இருந்தார்கள். சலிப்பும் சாவும் போக மிஞ்சியது நால்வர். வட்டத்தை நடத்துகிறவர் ஃபோல்கே, வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், புத்தகத்தில் பக்க எண் சொல்லாமல் பேசமாட்டார். தீரா எண்பதைத் தாண்டியவள், மீன்பிடிப் படகுக்காரனின் விதவை, பின்னல் ஊசியோடு வருவாள். பிறகு மரீத்தாவும் ஸ்டெல்லானும்.

நாவலின் பெயர் 'எடைக்கல்'. ஒரு துறைமுக நகரத்தில் கடைத் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளன் பிரெமெர். பித்தளை எடைக்கற்கள் அடங்கிய பெட்டியோடு கடை கடையாகப் போகிறவன். ஒரு குளிர்காலத்தில் அவன் தன் நம்பிக்கைகளையும் அப்படியே சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானிக்கிறான். எடை குறைவானதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். முதலில் கடவுள் போகிறார். பிறகு நாடு. பிறகு பள்ளிக் காலத்திலிருந்து வந்த ஒரே நண்பன். கடைசியில் மனைவி. ஒரு குளிர்காலம் முழுக்க அவளைக் கூர்ந்து பார்க்கிறான். கோப்பையை எப்படி வைக்கிறாள், எப்போது சிரிக்கிறாள், தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். இவளுக்குப் பிரிந்து போக ஆசை, ஆனால் தன்மேல் உள்ள இரக்கத்தால் சொல்லாமல் இருக்கிறாள் என்ற முடிவுக்கு வருகிறான். அவளுக்கு எந்த வலியும் இல்லாமல் ஒரு வீடு பார்த்துக் கொடுக்கிறான். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். பிரெமெர் கலங்கவில்லை. அவன் முடிவு சரியா தவறா என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை.

முதல் முறை படித்தபோது ஸ்டெல்லான் மயங்கிப்போனான். தன்னைப் போல் ஒருவனை ஒரு புத்தகத்தில் அவன் பார்த்ததே இல்லை. சுத்தமான மனிதன், தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாதவன், யாருக்கும் பாரமாக இல்லாதவன். அழகான ஊகங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனான். அப்புறம் பிரெமெரின் முறையை மரீத்தாமேல் பிரயோகித்துப் பார்க்கவும் செய்தான். பால்கனியில் குளிர்காலம் முழுக்கப் பொத்திப் பாதுகாக்கும் செடிகளை இந்த வருடம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கோத்தன்பர்க்கின் மழைக்கு ஏற்ற ஒரு கோட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரவு பத்து மணிக்குப் பதில் ஒன்பதரைக்கே எழுந்து மேலே போக ஆரம்பித்தாள். எல்லாக் கல்லும் ஒரே தட்டில்தான் விழுந்தது. சலவை அறையில் அவள் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னபோது அவனுக்கு அதிர்ச்சி இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். கணக்கு சரியாக வந்த மாணவனுக்கு வரும் ஒரு கேவலமான திருப்திகூட அதில் இருந்தது.

தலையணை உறையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த சனிக்கிழமைக்குப் பிறகு அவன் நாவலை மறுபடியும் முதலிலிருந்து படித்தான். இந்த முறை அது வேறு புத்தகமாக இருந்தது. எங்கோ ஏதோ ஒன்று குறைகிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. சான்றுகள் திடமாகவே இருந்தன. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே ஒரு பக்கத்தில் அவன் நின்றான். குளிர்கால மாலை. பிரெமெர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். மனைவி வாசலில் வந்து நின்று, குளிர்கிறதா என்று கேட்கிறாள். பிரெமெர் பதில் சொல்வதில்லை. அவளுக்குக் குளிர்வதால்தான் கேட்கிறாள் என்று ஊகிக்கிறான், எழுந்து போய் ஜன்னலை மூடுகிறான். அவள் சால்வையைத் தளர்த்துகிறாள். ஊகம் சரி என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் ஸ்டெல்லானின் பென்சில் கோடு இருந்தது. ஒன்று போதாமல் இரண்டு கோடு. அதைப் பார்த்துக்கொண்டே அவன் ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். வாயில் இருந்தது ரப்பரைப் போல இருந்தது.

அன்று மாலை வட்டத்தில் காப்பியும் ஏலக்காய் பன்னும் முடிந்த பிறகு ஃபோல்கே வழக்கம்போல மணிக்கட்டைப் பார்த்தார். ஆளுக்கு ஆள் சுற்றிவர வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, அதுதான் விதி. தட்டில் ஒரு பன் மிஞ்சியிருந்தது. தீரா கத்தியால் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தாள். ஃபோல்கே மிச்சத்தில் பாதியை எடுத்தார். மரீத்தா அதில் பாதி. கடைசித் துண்டை எடுத்த ஆள் என்ற பெயரை வாங்க யாருக்கும் தைரியமில்லை. சீனி ஒட்டிய ஒரு விரல்கடைத் துண்டு தட்டில் கிடந்தது.

முதலில் ஃபோல்கே பேசினார். இவ்வளவு நேர்மையான ஒரு கதாபாத்திரத்தைத் தான் படித்ததில்லை என்றும், வரி அலுவலகத்தில் தான் சந்தித்த மனிதர்களில் பத்தில் ஒருவர் பிரெமெராக இருந்திருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும் என்றும் பக்க எண்களோடு நீளமாகச் சொன்னார். பகுத்தறிவோடு வாழ்வது குளிர்ச்சியானது என்று சொல்பவர்கள் சோம்பேறிகள் என்பது அவர் கட்சி.

அடுத்தது தீரா. "நூறு பக்கம் தாண்டினதும் எனக்கே அவனை விட்டுட்டு எங்கயாவது ஓடிடலாமான்னு இருந்துச்சு" என்றாள் ஊசியை நிறுத்தாமல். "அவ புண்ணியவதி, தப்பிச்சா. என் வீட்டுக்காரன் ஒரு நாளும் யோசிச்சதே இல்ல. கடலுக்குப் போவான், வருவான், எங்கடி சோறுன்னு கத்துவான். திட்டித் திட்டியே ஐம்பது வருஷம் ஓடிப்போச்சு. அவ்வளவுதான் என் கருத்து."

"நாவலைப் பத்திச் சொல்லு, தீரா" என்றார் ஃபோல்கே.

"நாவலைப் பத்தித்தான் சொன்னேன். குறுக்க பேசாத, விதி இருக்குல்ல."

மரீத்தா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இரண்டு கைகளையும் அதன் அட்டைமேல் வைத்திருந்தாள். பல் மருத்துவமனையின் கையுறைப் பொடியால் எப்போதும் வறண்டிருக்கும் அந்தக் கைகளை ஸ்டெல்லான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அவளைப் பத்தித்தான் நினைப்பு" என்றாள். "அவன் வீடு பாத்துக் குடுக்கறான். எல்லாம் சரியா இருக்கு, வெளிச்சம் வருது, கடை பக்கத்துல இருக்கு. அவ நன்றிங்கறா. அந்த நன்றியை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அந்த எடத்துல வேற என்னதான் சொல்ல முடியும் அவளால? ஒருத்தன் கதவை அவ்வளவு மரியாதையா தெறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா, வெளிய போறதைத் தவிர என்ன செய்ய முடியும்?"

அவள் யாரையும் பார்க்கவில்லை. தட்டில் இருந்த துண்டைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஸ்டெல்லானின் முறை. சான்றுக்கும் நிச்சயத்துக்கும் உள்ள இடைவெளி பற்றி நல்ல வாக்கியங்கள் சிலவற்றை அவன் தயாரித்து வந்திருந்தான். ஊமெயோவில் படித்த ஒருவன்தான் சொல்லக்கூடிய வாக்கியங்கள். அவற்றில் முதலாவதைச் சொல்ல வாயைத் திறந்தவன், "அவன் கேக்கவே இல்ல" என்றான்.

ஃபோல்கே பொறுக்கமாட்டாமல், "எதைக் கேக்கல?" என்றார். தீரா அவர் முழங்கையில் ஊசியால் குத்தினாள்.

"யாரையும் எதையும். புத்தகம் முழுக்கத் தேடிப் பாத்தேன். கடைக்காரன்கிட்ட, நண்பன்கிட்ட, பொண்டாட்டிகிட்ட. ஒரு கேள்விகூட இல்ல. எல்லாத்தையும் பாத்துப் பாத்தே தெரிஞ்சுக்கறான். அவளுக்குப் போக ஆசையான்னு ஒரு வாய் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அதைச் செய்யாம ஒரு குளிர்காலம் பூரா..." அவன் புத்தகத்தை மூடி வைத்தான். "முதல் தடவை படிச்சப்ப இதை நான் கவனிக்கல. முதல் தடவை எனக்கு இவனை ரொம்பப் பிடிச்சுது."

விதியை மீறி மரீத்தா பேசினாள். "அவளும் கேக்கலயே."

"கேட்டா. அந்த ஜன்னல் மூடற எடத்துல. குளிருதான்னு கேட்டா."

"அது கேள்வி இல்ல, ஸ்டெல்லான்" என்றாள் மரீத்தா. "அவளால அதுவரைக்கும்தான் முடிஞ்சுது."

ஃபோல்கே எந்தப் பக்கம் என்று தேட ஆரம்பித்தார். தீரா ஊசிகளை மடியில் வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு கையை நீட்டி அந்தக் கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து கோட்டு மாட்டும் இடத்தில் ஸ்டெல்லான் வேண்டுமென்றே மெதுவாகக் காலணி மாட்டினான். செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் கடற்கரைப் பாதை வழியாக நடந்தே வீட்டுக்குப் போவார்கள். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. மரீத்தா புதுக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"மே மாசத்துலேருந்து உனக்குப் பகல் வேலையாமே."

அவன் நிமிர்ந்தான்.

"உன் நிலையத்து ஆள் ஒருத்தன் கடைவாய்ப்பல் அடைக்க வந்தான். வாய் நெறைய பஞ்சோட சொன்னான். பிப்ரவரியில."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ம்."

"உனக்குச் சங்கடமா இருக்குமோன்னு..."

"ராத்திரி வேலை ஒண்ணுதான நமக்குத் தடையா இருந்துச்சு. அது போச்சு, நீ எங்கிட்ட சொல்லல. நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உக்காந்து பாத்தேன். சொல்லல. நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன்னு நெனைக்கற? நீ தர்க்கம் படிச்சவன்தான, சொல்லு."

அவள் குரலில் கோபம் இல்லை. பல்லைப் பார்த்துவிட்டு எங்கே சொத்தை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். ஸ்டெல்லானுக்குப் பதில் இருந்தது, ஆனால் அது வாய்வரை வருவதற்குள் தீரா நடைக்கோலைத் தட்டிக்கொண்டு வந்து மரீத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருவெல்லாம் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கிறது, காரில் கொண்டுபோய் விட்டுவிடு என்றாள். மரீத்தா மருத்துவமனையிலிருந்து நேராகக் காரில் வந்திருந்தாள். போகும்போது தீரா திரும்பி, "ஏம்ப்பா ஸ்டெல்லான், அப்படி மரம் மாதிரி நிக்காத, காலணி ஒண்ணுதான் மாட்டியிருக்க" என்றாள். அப்படித்தான் நின்றிருந்தான்.

கடற்கரைப் பாதையில் அவன் தனியாக நடந்தான். ஏப்ரல் மாலை, வெளிச்சம் இன்னும் போகவில்லை. விரிகுடாவில் பனி கரையை விட்டு விலகி நடுவில் அழுக்கு வெள்ளையாக மிதந்தது. தன்னுடைய இரண்டு மாதக் கணக்கை அவன் திரும்பப் போட்டுப் பார்த்தான். செடிகளைக் கொடுத்தது, கோட்டு வாங்கியது, அரை மணி முன்னால் கிளம்பியது, எல்லாமே பிப்ரவரிக்குப் பிறகு நடந்தவை. அந்தப் பஞ்சடைத்த வாய் பேசியதற்குப் பிறகு. அவன் சேர்த்து வைத்த சான்றுகள் அனைத்தும் அவனே உண்டாக்கியவை. அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரும் சூப் குடித்துக்கொண்டே, துப்பறியும் தொடர் பார்த்துக்கொண்டே. கொலைகாரனை மட்டும் சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

வெட்கத்தைவிட அதிகமாக அவனுக்கு இருந்தது வேறு. அதை ஆசை என்று சொல்லலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வயதில் அதற்கு வேறு சொல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு மே மாதக் காலை. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே குளியலறைக்காக மோதிக்கொள்கிறார்கள். அவள் அவனைத் திட்டுகிறாள், அவன் பதிலுக்குத் திட்டுகிறான். காப்பி பொங்கி அடுப்பில் வழிகிறது. யாரும் யாருடைய முடிவையும் மதிப்பதில்லை. அப்படி ஒரு காலையை அவன் ஜனவரியில் அவளோடு சேர்ந்து வாழ்வதைப் பற்றி யோசித்தபோதுகூட நினைத்ததில்லை. அவன் நினைத்ததெல்லாம் அமைதியைத்தான்.

கோத்தன்பர்க் நல்ல ஊர். தோவேக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. அந்த வீட்டில் வெளிச்சம் வரும். போகச் சொல்வதற்கான காரணங்கள் எல்லாம் இப்போதும் அப்படியே இருந்தன, எடை குறையவில்லை. இருக்கச் சொல்வதற்கு அவனிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது அவனுக்கு வேண்டும் என்பது. அதை எந்தத் தட்டில் வைப்பது என்று பிரெமெருக்கும் தெரிந்திருக்காது.

குடியிருப்புக்கு வந்து கதவைத் தள்ளித் திறந்தான். படிக்கட்டில் யாரோ மீன் பொரித்த வாசனை. தன் வீட்டுக் கதவு முன் சாவியை எடுத்தவன், அதைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான். இரண்டாம் தளத்தில் செய்தி அலறிக்கொண்டிருந்தது. மூன்றாம் தளத்தில் ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் படிகளில் விழுந்திருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் அவன் அங்கே ஒரு முறைகூட ஏறியதில்லை. தீராவை விட்டுவிட்டு அவள் திரும்பியிருப்பாளா என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெருவில் கார் நிற்கிறதா என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மணியை அழுத்தினான். சத்தம் உள்ளே நீளமாகக் கேட்டது.

வாக்கியம் எதையும் அவன் தயாரித்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் திணித்தான். உள்ளே ஏதோ ஒரு கதவு திறந்தது. காலடிகள் வந்தன. செருப்புப் போட்ட, அவசரமில்லாத காலடிகள். சொல்லிவிட்டு வரும்போதெல்லாம் கதவு முன்பே திறந்திருக்கும், இவ்வளவு வருடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அவற்றைக் கேட்பது இதுவே முதல் முறை என்று தோன்றியது. கதவுக்கு அந்தப் பக்கம் அவை நின்றன. கதவின் நடுவில் அவன் கண்ணுக்கு நேராக, வந்திருப்பது யாரென்று உள்ளிருந்து பார்ப்பதற்கான ஒரு சின்னக் கண்ணாடித் துளை, உள்ளே விளக்கு எரிந்ததால் ஒரு பட்டாணி அளவுக்கு வெளிச்சமாக இருந்தது.

அது இருண்டது.

ஸ்டெல்லான் அசையவில்லை. அந்தக் கறுப்புப் புள்ளிக்கு முன்னால், கலைந்த தலைமுடியோடு, முகத்தில் வெயில் விழ, அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று நின்றுகொண்டு, மூடிய மரத்தைப் பார்த்து, "மரீத்தா, நீ போகணுமா?" என்று கேட்டான். புள்ளி இருண்டே இருந்தது.